குடும்ப போட் வாங்கப் போறேன்: இன்போர்டா, ஸ்டெர்ன்டிரைவா?

#1 சாங்கிக்காத்து

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் இழை.

குடும்பத்துக்கு ஒரு பழைய போட் பார்த்துட்டு இருக்கேன். நான், மனைவி, ரெண்டு பிள்ளைங்க, சில வாரம் அம்மா அப்பாவும் வருவாங்க. பெரும்பாலும் இங்கே சிங்கப்பூர்ல லாசரஸ், கூசு, புலாவ் ஹந்து தீவுங்க பக்கம் போய் நங்கூரம் போட்டு, சாப்பிட்டு, தண்ணியில விளையாடிட்டு சாயங்காலம் திரும்புறதுதான். எப்பவாவது இந்தோனேசியாப் பக்கம் பாத்தாம் நொங்சா, பிந்தான். தியோமான் இப்போதைக்குக் கனவு.

ரெண்டு போட்ல வந்து நிக்குது. ஒண்ணு 30 அடி, ரெண்டு பெட்ரோல் வி8, ஸ்டெர்ன்டிரைவ். உள்ளே புதுசு மாதிரி இருக்கு, கேபின் நல்லா பெருசு. இன்னொண்ணு 34 அடி, ரெண்டு டீசல், நேர் ஷாஃப்ட் இன்போர்ட். பத்து வருஷம் மூத்தது, சோஃபா துணியைப் பார்த்தாலே மனைவி முகம் சுளிக்கிறாங்க. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். புரோக்கர் முதல் போட்டைத்தான் தள்ளுறார். எனக்கு உரிமம் இருக்கு, ஆனா எஞ்சின் விஷயத்துல அவ்வளவு ஞானம் கிடையாது. எது நமக்குச் சரிப்படும்?

#2 டீசல்தாசன்

ரெண்டாவது. சோஃபா துணியை மாத்திக்கலாம். அடுத்த கேள்வி?

#3 அலையோட்டி

வந்துட்டாருய்யா தாசன் அண்ணே! இழை திறந்து பத்து நிமிஷம் ஆகலை.

தம்பி, முதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெளிவா வச்சுக்குவோம், அப்புறம் அடிச்சுக்கலாம். ஷாஃப்ட் இன்போர்ட்ல எஞ்சின் போட் நடுவுல இருக்கும். அங்கேருந்து ஒரு இரும்புத்தண்டு சாய்வா அடித்தளத்தைத் துளைச்சுக்கிட்டு வெளியே போகும். அதோட நுனியில ப்ரொப்பெல்லர், பின்னாடி தனியா சுக்கான். ஸ்டெர்ன்டிரைவ்ல எஞ்சின் பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கியர், ப்ரொப்பெல்லர், திருப்புற வேலை எல்லாம் வெளியே தொங்குற லெக் பார்த்துக்கும். 1959ல நியூயார்க் போட் கண்காட்சியில வோல்வோ பென்டா "அக்வாமேட்டிக்"னு காட்டினாங்களே, அதுதான் இதை ஊரெல்லாம் கொண்டுபோனது. ஜிம் வின்னோட யோசனை. ரெண்டு வருஷத்துல மெர்க்ரூசரும் களத்துல இறங்கிடுச்சு.

ஏன் ஓடுச்சுன்னா காரணம் இருக்கு. ஷாஃப்ட் சாய்வா இருக்கிறதால தள்ளுற பலத்துல ஒரு பங்கு போட்டை முன்னே தள்ளாம மேலே தூக்கப் பாக்கும். ஸ்டெர்ன்டிரைவ் நேரா பின்னாடி தள்ளும். போதாததுக்கு ட்ரிம் பட்டனை அமுக்கி லெக்கோட கோணத்தை ஓடும்போதே மாத்தலாம். பின்பக்கம் ஆள் கூடுனாலும் முன்னாடி அலை வந்தாலும் ஈடுகட்டிக்கலாம். அதே உடல், அதே எஞ்சின்னா ஸ்டெர்ன்டிரைவ் வேகமாவும் போகும், எண்ணெயும் கம்மியா குடிக்கும். எஞ்சின் பின்னாடி ஒதுங்கிட்டதால நடுவுல முழு கேபின் கிடைக்குது. 30 அடியில நீங்க பார்த்த அந்தப் பெரிய ரூம் அப்படித்தான் வந்துச்சு.

#4 டீசல்தாசன்

அலையோட்டி சொன்னதுல ஒரு வார்த்தை மட்டும் எங்க ஊர்க்காரங்களைக் கவுக்கும்: "அதே எஞ்சின்". இங்கே அதே எஞ்சின் இல்லை. ஒரு பக்கம் பெட்ரோல், ஒரு பக்கம் டீசல்.

பழைய கைக்கணக்கு ஒண்ணு இருக்கு. முழு த்ராட்டில்ல பெட்ரோல் எஞ்சின் 10 குதிரைசக்திக்கு மணிக்கு 1 அமெரிக்கன் காலன் குடிக்கும், டீசல் ஏறக்குறைய 20க்கு 1 காலன். 1 காலன் 3.8 லிட்டர். 260 குதிரைசக்தி வி8 ஒண்ணு மணிக்கு கிட்டத்தட்ட 100 லிட்டர், ரெண்டுன்னா 200. டீசல்ல அதே சக்திக்கு ரெண்டும் சேர்ந்து 100 பக்கம். க்ரூஸ் வேகத்துல ரெண்டுமே குறையும், ஆனா இடைவெளி மறையாது. சிங்கப்பூர்ல பெட்ரோல் வரி 2021 பிப்ரவரியில ஏறுனதுலேருந்து 95 ஆக்டேனுக்கு லிட்டருக்கு 66 காசு, 98க்கு 79 காசு. டீசலுக்கு 20 காசுதான். இது ரோட்டு பம்ப் கணக்கு. மரீனாவுல என்ன விலைன்னு அங்கேயே விசாரிங்க, ஆனா பெட்ரோல் டீசலைவிட மலிவா கிடைக்கும்னு கனவுகூடக் காணாதீங்க.

அதைவிட எனக்கு உறுத்துறது வேற. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம். கசிஞ்சா மேலே போகாது, போட்டோட அடிக்குழியில, அதான் பில்ஜ்ல, போய் படுத்துக்கும். அதனாலதான் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷம் எஞ்சின் அறைக் காத்தை வெளியேத்துற ப்ளோயரை ஓட்டு, மூக்கால மோந்து பாருன்னு சொல்றாங்க. ஒழுங்கா செய்றவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா பிள்ளைங்க "அப்பா சீக்கிரம்"னு கத்துற நேரத்துல எத்தனை பேர் 4 நிமிஷம் நிப்பாங்க?

#5 பட்டறைக்காரன்

நான் ரெண்டு வகையிலயும் கை அழுக்காக்குறவன். எந்தக் கட்சியும் இல்லை.

தம்பி, நீங்க சொல்லாம விட்டதுதான் முக்கியம். போட் எங்கே நிக்கும்? தண்ணியிலயே பெர்த்தா, இல்ல பொங்கோல் பக்கம் மாதிரி கரையில அடுக்கி வைக்கிற இடமா?

#6 சாங்கிக்காத்து

தண்ணி பெர்த் அண்ணே. தெற்குப் பக்கம் ஒரு மரீனாவுல பேசி வச்சிருக்கேன். கரையில ஏத்தி இறக்குறது அம்மா அப்பாவை வச்சுக்கிட்டு தோதுப்படாது.

#7 பட்டறைக்காரன்

அப்போ கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

ஸ்டெர்ன்டிரைவ் லெக் அலுமினியம். நம்ம கடல் வருஷம் முழுக்க 28, 30 டிகிரி வெந்நீர். வெளிநாட்டு வீடியோவுல குளிர்காலத்துக்குப் போட்டை வெளியே தூக்கி ஆறு மாசம் கொட்டகையில வைக்கிறாங்க பாருங்க, அந்த ஆறு மாசம் நமக்குக் கிடையாது. பாசியும் கொட்டலசும் லீவு எடுக்காது. லெக்கை முழுசா தூக்கி வச்சாலும் ஒரு பகுதி தண்ணியிலதான் இருக்கும். அதுக்கும் மேலே, தூக்கி வச்சா பெல்லோஸ் மடங்கி இழுபட்டு நிக்கும்.

பெல்லோஸ்னா என்னன்னு கேப்பீங்க. எஞ்சின்லேருந்து லெக்குக்கு சக்தி போற யுனிவர்சல் ஜாயின்ட்டைச் சுத்தி ஒரு ரப்பர் மடிப்புக்குழாய். போட்டுக்குள்ள கடல் வராம தடுக்கிறதுல அந்த ரப்பருக்குப் பெரிய பங்கு உண்டு. கியர் கேபிளுக்குத் தனியா ஒண்ணு, நிறைய மாடல்ல எக்ஸாஸ்டுக்கும் ஒண்ணு. மத்த நாட்டுல வெயிலும் வயசும்தான் இதைக் கொல்லும். இங்கே கூடுதலா இன்னொரு எமன் இருக்கான். ஒரு மாசம் ஓட்டாம நிறுத்தின போட்ல அந்த மடிப்புக்குள்ளேயே கொட்டலசு வளர்ந்திடும். அதோட ஓட்டு விளிம்பு கூர்மை. ஓனர் வந்து லெக்கை இறக்கி ஸ்டியரிங்கைத் திருப்புறார், மடிப்பு மூடுது, ஓடு ரப்பரை அறுத்திடுது. வெளியிலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. உள்ளே ஜாயின்ட்டுக்கும், அந்தச் சுழல்தண்டைத் தாங்குற கிம்பல் பேரிங்குக்கும் உப்புத்தண்ணி போகும். திருப்பும்போது கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அந்தச் சத்தத்தையும் கவனிக்காம பெர்த்ல விட்டுட்டுப் போன போட் மூழ்கி நிக்கிறதைக் கண்ணால பார்த்திருக்கேன்.

அப்புறம் அரிப்பு. மரீனாவுல கரை மின்சாரம் சொருகுறீங்க. எர்த் கம்பி வழியா பக்கத்து போட்டும் உங்க போட்டும் ஒண்ணா இணைஞ்சிடுது. அவங்களுது வெண்கலம், உங்களுது அலுமினியம், நடுவுல உப்புத்தண்ணி. ஒரு பேட்டரிக்கு வேண்டிய எல்லாம் வந்தாச்சு, அதுல கரையப் போறது உங்க அலுமினியம்தான். ஆனோட் கட்டி அதுக்குத்தான், ஆனா அது தானே கரைஞ்சு லெக்கைக் காப்பாத்துறது. பாதி கரைஞ்சதும் மாத்தணும், முழுசா போற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அந்த எர்த் கம்பி வழியா வர்ற அரிப்பு மின்சாரத்தைத் தடுக்கிற கால்வானிக் ஐசொலேட்டர் போட்டிருக்கான்னு புரோக்கர்கிட்ட கேளுங்க. முழிச்சார்னா பதில் கிடைச்சிடுச்சு. இன்னொண்ணு, பாசி, கொட்டலசு ஒட்டாம இருக்க அடித்தளத்துக்கு அடிக்கிற செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட் லெக்மேல படவே கூடாது. பழைய ஓனர் காசு மிச்சம் பிடிக்க அதையே லெக்குக்கும் அடிச்சு, பெயின்ட்டுக்குக் கீழே அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிர்றதை நிறைய பார்த்தாச்சு.

ஷாஃப்ட் போட்ல இதெல்லாம் இல்லவே இல்லைன்னு இல்லை. ஷாஃப்ட் வெளியேறுற இடத்துல தண்ணியை அடைக்கிற ஸ்டஃபிங் பாக்ஸ் இருக்கும். பழைய மாடல்னா ஓடும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டு சொட்டணும், அது அதோட குணம். வெளியே தண்டைத் தாங்குற கட்லெஸ் பேரிங் தேயும். ஆனா வெண்கலமும் துருப்பிடிக்காத இரும்பும் இந்தத் தண்ணியில தாக்குப்பிடிக்கும். முக்கியமான சங்கதி: ஷாஃப்ட் போட்ல கெடுறது மெதுவா, சத்தம் போட்டுக்கிட்டு, உள்ளேருந்து கண்ணுக்குத் தெரியிற மாதிரி கெடும். ஸ்டெர்ன்டிரைவ்ல நடக்கிறது பாதி தண்ணிக்கு அடியில.

பெர்த்ல வைக்கிறீங்கன்னா ரெண்டு லெக், ரெண்டு செட் பெல்லோஸ். நான்னா வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்ப்பேன், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு மாத்திடுவேன். அந்தச் செலவையும் லிஃப்ட் வாடகையையும் போட் விலையோட சேர்த்துட்டு, அதுக்கப்புறம் ரெண்டும் ஒரே விலையான்னு பாருங்க.

#8 அலையோட்டி

பட்டறை அண்ணன் சொன்னதுல ஒண்ணையும் மறுக்கலை. என் போட் கரையில அடுக்குல நிக்குது, ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணி விட்டு அலசி வச்சிடுறாங்க. அதனால எனக்கு இந்தத் தொல்லையில பாதி கிடையாது, ஒத்துக்கறேன்.

ஆனா நம்ம கடல்ல இன்னொரு நிலவரம் இருக்கு, ஷாஃப்ட்காரங்க அதைப் பத்தி வாய் திறக்க மாட்டாங்க. குப்பை. வடகிழக்குப் பருவமழை சமயத்துல ஆத்துலேருந்து அடிச்சுட்டு வர்ற கட்டை, வலை, கயிறு, அரிசிச் சாக்கு. ப்ரொப்பெல்லர்ல கயிறு சுத்துச்சுன்னா நான் எஞ்சினை நிறுத்திட்டு லெக்கைத் தூக்கி, பின் மேடையில குப்புறப் படுத்து கத்தியால அறுத்திடுவேன். ஷாஃப்ட்ல ஒருத்தர் கீழே முங்கணும். நீரோட்டம் மூணு நாட், அதாவது மணிக்கு மூணு கடல்மைல், ஓடுற இடத்துல, பக்கத்துல டேங்கர் போயிட்டு இருக்கும்போது, யார் முங்குறது? தாசன் அண்ணனா?

கட்டையில மோதினாலும் அப்படித்தான். லெக் ஓரளவு மேலே எகிறிக்கும். ஷாஃப்ட்ல ப்ரொப்பெல்லர் நெளிஞ்சு, தண்டு வளைஞ்சு, தாங்குற ஸ்ட்ரட்டும் ஆடிப்போகும். ஆழம் வேற இருக்கு. இங்கே ஏத்தவத்தம் பெரிய அலைநாள்ல 3 மீட்டர் வரைக்கும் மாறுது. ஹந்து பக்கம் வத்தத்துல பவளப்பாறைமேல ஷாஃப்ட் போட்டைக் கொண்டுபோய் உட்கார வச்சீங்கன்னா அந்த மாசச் சம்பளம் அங்கேயே போயிடும்.

#9 டீசல்தாசன்

லெக் எகிறும், சரி. ப்ரொப்பெல்லருக்குக் கீழே இருக்கிற அலுமினியத் துடுப்பு, அந்த ஸ்கெக், உடைஞ்சு விழும், கியர் கேஸ் விரிசல் விடும். அதையும் சொல்லணும் இல்லையா?

கயிறு விஷயம் மட்டும் நியாயம். அதுக்காகத்தான் ஷாஃப்ட்ல ப்ரொப்பெல்லருக்கு முன்னாடி கயிறு வெட்டி மாட்டிக்கிறோம். எல்லாத்தையும் வெட்டாதுதான். பாறைமேல ஏத்துறது எஞ்சின் குத்தம் இல்லை, கடல் சார்ட் பார்க்காதவன் குத்தம்.

#10 வெளிமோட்டார்

நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குங்க. இப்போ 30 அடிக்கு ரெண்டு அவுட்போர்ட், அதாவது எஞ்சினே வெளியே பின்பலகையில தொங்குற மோட்டார், மாட்டினா லெக் முழுசா தண்ணிக்கு வெளியே வந்திடும், பெல்லோஸ் இல்லை, பில்ஜ்ல பெட்ரோல் எஞ்சின் இல்லை. ஏன் யாரும் பேசலை?

#11 பட்டறைக்காரன்

பேசாததுக்குக் காரணம், தம்பி பார்த்திருக்கிற ரெண்டுலயும் அது இல்லை. புதுசு வாங்குறவருக்கு நீங்க சொல்றது ரொம்பச் சரி. பெட்ரோல் ஸ்டெர்ன்டிரைவ் இருந்த இடத்துல நிறைய கம்பெனி இப்போ அவுட்போர்ட்தான் மாட்டித் தருது. அதனாலேயே பழைய ஸ்டெர்ன்டிரைவ் திரும்ப விக்கும்போது என்ன விலை போகும்னும் யோசிக்கணும்.

#12 நங்கூரம்மாலா

அண்ணன்மாரே, ஓட்டுறதைப் பத்தி யாராவது பேசுவீங்கன்னு பார்த்தா எல்லாரும் துருவைப் பத்தியே பேசுறீங்க. எங்க வீட்டுல நான்தான் போட் ஓட்டுறேன். முன்னாடி ரெட்டை ஸ்டெர்ன்டிரைவ், இப்போ ரெட்டை ஷாஃப்ட்.

பெர்த்துக்குள்ள நுழையும்போது ஷாஃப்ட் போட் சொன்ன பேச்சு கேக்கும். ஸ்டியரிங்கை நடுவுல விட்டுடுவேன். ஒரு எஞ்சின் முன்னே, ஒரு எஞ்சின் பின்னே, நின்ன இடத்துலேயே போட் சுழலும். ரெண்டு ப்ரொப்பெல்லரும் விலகி இருக்கிறதும், கீழே பெருசா மெதுவா சுத்துறதும்தான் காரணம். ஸ்டெர்ன்டிரைவ்லயும் சுத்தலாம், ஆனா கொஞ்சம் வழுக்கும். மெதுவா போகும்போது மூக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலையும், த்ராட்டில் கொடுக்காம ஸ்டியரிங்கைத் திருப்பினா பெருசா ஒண்ணும் நடக்காது. பழகிட்டா கஷ்டம் இல்லை. பழகுறதுக்குள்ள பக்கத்து போட்காரங்க மோதல் தாங்குற ஃபெண்டரோட ஓடிவருவாங்க. ரிவர்ஸ்ல மட்டும் ஸ்டெர்ன்டிரைவ்தான் ராஜா. லெக்கை எந்தப் பக்கம் திருப்புறோமோ பின்பக்கம் அந்தப் பக்கமே இழுத்துட்டுப் போகும்.

ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலையில சுமத்ரா சூறைக்காத்து அடிக்குமே, அது வந்த பிறகு ஒரு தடவை பெர்த் பண்ணிப் பாருங்க. மணிக்கு 40, 50 கிலோமீட்டர் காத்து. ரெட்டை கேபின் உயரம் உள்ள போட்டைக் காத்து அப்படியே தள்ளும். அப்போ கைக்கு உடனே பதில் சொல்ற போட்தான் வேணும்.

இன்னொரு விஷயம், பிள்ளைங்க இருக்கிறதால சொல்றேன். ஸ்டெர்ன்டிரைவ்ல குளிக்கிற மேடைக்கு நேர் கீழே ப்ரொப்பெல்லர். ஷாஃப்ட்ல கொஞ்சம் முன்னாடி, உடலுக்கு அடியில. எதுவானாலும் ஆள் தண்ணியில இருக்கும்போது எஞ்சின் அணைஞ்சிருக்கணும், சாவி என் கழுத்துல இருக்கணும். எங்க வீட்டுல இதுக்கு விதிவிலக்கே கிடையாது, மாமனார் கேட்டாலும் சரி.

#13 சாங்கிக்காத்து

மாலா அக்கா, நன்றி. நொங்சாவுக்குப் போறதைப் பத்தியும் சொல்லுங்களேன். ஷாஃப்ட் போட் மெதுவா போகுமேன்னு ஒரு பயம். சிங்கப்பூர் ஜலசந்தியைக் கடக்கும்போது கப்பல்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா?

#14 நங்கூரம்மாலா

34 அடி ரெட்டை டீசல் நல்ல நிலைமையில இருந்தா 18, 20 நாட் தாராளமா போகும். போதும்பா. கப்பல் பாதையைச் செங்குத்தா கடக்கணும், 20 மீட்டருக்குக் குறைஞ்ச நாம பெரிய கப்பலோட வழிக்குக் குறுக்கே நிக்கக் கூடாது. இது கடல்ல மோதல் தவிர்க்கிற சர்வதேச விதிகள்ல விதி 10லயே இருக்கு. அங்கே வேணுங்கிறது 30 நாட் இல்லை. நடுவுல நின்னுபோகாத எஞ்சின். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல வெளியே வந்திடணும். நீங்க பார்க்கிற ரெண்டு போட்டும் ரெட்டைதான், அது நல்லது.

டாங்கர், கன்டெய்னர் கப்பல் எழுப்புற பெரிய அலை குறுக்கே வரும். எஞ்சின் கனம் நடுவுல, கீழே இருக்கிற போட் அப்போ கொஞ்சம் நிதானமா உருளும். எங்க அத்தை வாந்தி எடுக்காம பாத்தாம் போய் இறங்கினது இந்த போட்லதான்.

#15 வெளிமோட்டார்

அத்தை வாந்தி எடுக்கலைன்னா முடிஞ்சது. இதுக்கு மேல என்ன சான்று வேணும்.

#16 துவாஸ்குமரன்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். ஐபிஎஸ், அதான் அடித்தளத்துக்குக் கீழே தொங்கித் திரும்புற டிரைவ், அதைப் பத்தி யாரும் சொல்லலையே? 2005ல வோல்வோ பென்டா கொண்டுவந்தது, ப்ரொப்பெல்லர் முன்பக்கம் பார்த்து இழுக்கும். ஜாய்ஸ்டிக்ல பெர்த் பண்ணலாம். அம்மா அப்பாவே ஓட்டலாம்.

#17 பட்டறைக்காரன்

அருமையான சாமான். தம்பி பட்ஜெட்டுக்குப் பழைய ஐபிஎஸ் வாங்கினா, சீல் சர்வீஸ் பில் வரும் அன்னைக்கு என்னைத் திட்டுவார். தள்ளி வைப்போம்.

டீசல் ஸ்டெர்ன்டிரைவ் ஒண்ணு கிடைச்சா, வோல்வோ டி4, டி6 மாதிரி, அதைப் பார்க்கலாம். எண்ணெய்ச் செலவும் ஆவி பயமும் தீரும். பெல்லோஸ் தீராது.

#18 அலையோட்டி

சரி, நான் கட்சி மாறலை, ஆனா தீர்ப்பைச் சொல்லிடறேன். தம்பி கரையில வைக்கிற ஆளா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு 30 அடி. தண்ணியில வைக்கிறதால 34 அடி. தாசன் அண்ணே, சந்தோஷமா?

#19 டீசல்தாசன்

#2ஐப் படிக்கவும்.

#20 சாங்கிக்காத்து

மூணு வாரம் கழிச்சு வர்றேன். ரெண்டு போட்டையும் சர்வேயர் வச்சு லிஃப்ட்ல தூக்கிப் பார்த்தாச்சு.

30 அடியில இடது லெக் கியர் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி வந்துச்சு. தண்ணி உள்ளே போயிருக்குன்னார். பெல்லோஸ் கடைசியா எப்போ மாத்தினதுன்னு ஒரு காகிதமும் இல்லை. எஞ்சின் புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் ரைசர் உள்ளே துரு. புரோக்கர் "எல்லாத்தையும் சரி பண்ணித் தர்றோம்"னார், நான் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

34 அடியில கடல் ஓட்டம் பார்த்தோம். முழு ஆர்பிஎம் எட்டுது, சூடு ஏறலை, எஞ்சின் ஆறியிருக்கிறப்போ ஸ்டார்ட் பண்ணும்போது வந்த வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. எஞ்சின் ஆயில்ல சாம்பிள் எடுத்து சர்வேயர் ஆய்வுக்கு அனுப்பியிருக்கார். குறைன்னா வலது ஷாஃப்ட்ல கட்லெஸ் பேரிங் ஆட்டம், ஸ்டஃபிங் பாக்ஸோட ரப்பர் ஹோஸ் ரெண்டுமே பழசு. விலையில குறைச்சுக்க ஓனர் சம்மதிச்சுட்டார். மனைவி புது சோஃபா துணிக்கு இப்போவே சாம்பிள் வாங்கிட்டு வந்துட்டாங்க.

பட்டறை அண்ணே, வலது பேரிங் மட்டும் மாத்தினா போதுமா? ஷாஃப்டை வெளியே எடுக்கும்போது வேற என்ன பார்க்கச் சொல்லணும்?

#21 பட்டறைக்காரன்

நல்ல முடிவு. ரெண்டு பக்கமும் மாத்திடுங்க, தூக்குற செலவு ஒண்ணுதான். ஷாஃப்ட் வெளியே வந்ததும் பேரிங்கும் ஸ்டஃபிங் பாக்ஸும் உட்கார்ற இடத்துல விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. பள்ளம் தட்டுச்சுன்னா புது பேரிங் போட்டும் பிரயோஜனம் இல்லை. தண்டு நேரா இருக்கான்னு லேத்ல வச்சுச் சுத்திப் பார்க்கணும். ஹோஸ் ரெண்டும் புதுசு, ஒவ்வொரு முனையிலும் ரெண்டு க்ளாம்ப்.

எஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் நேர்கோடு பார்க்கிறதைக் கரையில வச்சு முடிச்சுக் கையெழுத்து வாங்க விடாதீங்க. ஸ்டாண்ட்ல நிக்கும்போது உடல் ஒரு மாதிரி இருக்கும், மிதக்கும்போது வேற மாதிரி அமரும். தண்ணியில இறக்கி, டேங்க்ல எண்ணெய் நிரப்பி, ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுட்டு எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கிற கப்ளிங்கைப் பிரிச்சு, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கணும். அந்த வேலைக்கான கடைசித் தவணைப் பணத்தை அதுவரைக்கும் கையில வச்சுக்குங்க.